மூக்கம்மாவுக்கு வாசனை போன வருஷம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. மலையடிவாரத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள்தான் அவளை மூக்கம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் அவளோடு பஸ் ஏறி ஊருக்குள் வந்து, கடைவீதியில் இறங்கி, எங்கள் கட்டடத்து மாடிப்படியும் ஏறி, கடைசியில் அவள் புருஷன் வாயிலேயே வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்லாததையா சொல்றாங்க?" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

அவளும் நானும் ஒரே வயது. இரண்டாம் மாடியில் எதிரெதிர் வீடு. இரண்டு கதவும் திறந்திருந்தால் அவள் அடுப்படியில் நடப்பது எனக்குத் தெரியும். என் அடுப்படியில் நடப்பது கதவு மூடியிருந்தாலும் அவளுக்குத் தெரியும். "சோப்பு மாத்திட்டே போலிருக்கே," என்பாள். "உங்க அரிசில ஈரம் இறங்கியிருக்கு, போய்ப் பாரு," என்பாள். போய்ப் பார்த்தால் இறங்கியிருக்கும். கீழ்வீட்டுக்காரர் மனைவிக்குத் தெரியாமல் பிடிக்கும் சிகரெட் என்ன ரகம் என்றுகூட அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததால், அந்த மனிதர் அவளைப் படியில் கண்டாலே ஒதுங்கி நின்று வழிவிடுவார். அவள் புருஷன் தையல்காரர். முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதிகம் பேசமாட்டார். "இவளுக்குத் தெரியாம வெளியில ஒரு காபி குடிக்க முடியாது," என்று அவர் சொன்னதுதான் நான் அவர் வாயிலிருந்து கேட்ட நீளமான வாக்கியம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு தேன் கம்பெனியில் வேலை பார்த்தாள். பல இடங்களிலிருந்து டின் டின்னாகத் தேன் வந்து இறங்கும். எல்லாவற்றையும் பெரிய கொப்பரையில் ஒன்றாக ஊற்றிச் சூடு பண்ணி, மிக நெருக்கமான வடிகட்டியில் அழுத்தி வடித்து, பாட்டிலில் அடைப்பார்கள். சூடு பட்ட தேன் தண்ணீர்போல ஓடும், சீக்கிரம் வடியும், மாதக்கணக்கில் உறையாமல் கண்ணாடிபோல நிற்கும். எந்தப் பாட்டிலை எடுத்தாலும் ஒரே நிறம், ஒரே ருசி. அதில் தப்பொன்றும் இல்லை. வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் கொப்பரை சூடேறும் நேரத்தில் அந்தக் கூடம் முழுக்க எலுமிச்சைப் பூவும் எள்ளுப் பூவும் பேர் தெரியாத காட்டுப் பூவும் மணக்குமாம். அடைத்து முடித்த பாட்டிலைத் திறந்தால் அதில் பாதிகூட இருக்காதாம்.

"வாசனையெல்லாம் கூரைக்குப் போகுது சார். வெறும் இனிப்புதான் பாட்டிலுக்குப் போகுது," என்று ஒருநாள் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் நல்ல மனிதர். "கூரையை விக்க முடியாதேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூரைக்குப் போனதைப் பாட்டிலுக்குள் நிறுத்துவதே பிறகு அவள் பிழைப்பாக ஆனது. அவளும் அவள் தங்கையும் சேர்ந்து கடைவீதி முனையில் ஒரு குறுகலான கடை எடுத்தார்கள். முன்பு குடை ரிப்பேர் செய்த இடம்; சுவரில் குடை மாட்டிய ஆணிகள் இன்னும் இருக்கின்றன. தங்கை கடையைப் பார்த்துக்கொள்வாள். மூக்கம்மா ஊர் ஊராகப் போய்த் தேனைப் பார்த்து எடுத்துவருவாள். சூடே காட்டாத தேன். துணியில் வடித்ததோடு சரி. பூந்தூளும் மெழுகுத் துணுக்கும் கொஞ்சம் மேலே மிதக்கும். ஒரு பருவத்தில் வைக்கோல் நிறம், அடுத்த பருவத்தில் பழைய செங்கல் நிறம். "போன தடவ வாங்கின மாதிரி இல்லையே," என்று வருகிறவர்களிடம், "போன தடவ பூத்த பூ இப்ப பூக்கலையே," என்பாள் தங்கை. சிரித்த முகம். சண்டைக்கு வந்தவர்களும் இன்னொரு பாட்டிலோடு போவார்கள்.

தேன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பரீட்சை வைக்கத்தான் வருவார்கள். ஒருவர் டம்ளரில் தண்ணீர் கேட்டுச் சொட்டு விடுவார். ஒருவர் தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைப்பார். ஒருவர் கட்டை விரல் நகத்தில் வைத்து ஓடுகிறதா என்று பார்ப்பார். ஒரு பெரியவர் எறும்பு வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். மூக்கம்மா யாரையும் கேலி செய்யமாட்டாள்.

"சர்க்கரைப் பாகைக் கெட்டியாக் காய்ச்சினா அதுவும் தண்ணில இப்படித்தான் இறங்கும். இது கெட்டியா இருக்கான்னுதான் இதுல தெரியும். அசலான்னு தெரியாது."

"அப்ப எப்படித்தான் பாத்து வாங்கறது?"

"யார் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, பக்கத்துல என்ன பூத்திருந்துச்சுன்னு கேளுங்க. கடைக்காரருக்கு பதில் தெரியலன்னா வாங்காதீங்க, அது எங்க கடையா இருந்தாலும் சரி. அப்புறம் மூடியத் திறந்து மோந்து பாருங்க. பூவோ, மரமோ, காய்ஞ்ச புல்லோ, எதோ ஒண்ணு தனியாத் தெரியணும். இனிப்பு மட்டும் வந்தா அது அடுப்பைப் பாத்துட்டு வந்ததா இருக்கும்."

தேன் உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தால், உறைவது நல்ல தேனுக்கும் உள்ள குணம், கை பொறுக்கிற வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவாள். கைக்குழந்தை உள்ள வீடு என்று தெரிந்தால் வேறு மாதிரி. "ஒரு வயசு முடியற வரைக்கும் குழந்தை நாக்குல தொட்டுக்கூட வைக்கக் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனா இருந்தாலும் கூடாது. அதுல இருக்கற சில கிருமி நமக்கு ஒண்ணும் பண்ணாது, பச்சைக் குழந்தையைப் படுக்க வச்சிடும்," என்று சொல்லித்தான் கொடுப்பாள். விற்கிறவளே இப்படிப் பேசுகிறாளே என்று முகம் சுளித்துப் போனவர்கள் உண்டு.

தங்கைக்கு ஒரே ஒரு குறை. தண்ணீர் கூடினால் தேன் புளித்துவிடும்; அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு சொட்டை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். அதை வாங்கிவிடலாம் என்று அவள் பலமுறை சொல்லிவிட்டாள்.

"எதுக்குடி? என் மூக்கு என்ன வாடகைக்கா இருக்கு?" என்று மூக்கம்மா தட்டிக்கழித்துவிடுவாள்.

அந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்துபோன காய்ச்சல்தான். சில நாள் படுத்திருந்தாள், எழுந்து நடமாடத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஒரு காலையில் என் வீட்டுக்குள் பால் தீய்ந்த நாற்றம் வந்தது. கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு அடுப்படியில் அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றே, பால் தீயுது பாரு," என்றேன்.

திரும்பினாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைக்காமல் அந்தப் புகையின் மேலேயே குனிந்து மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். இருமல் வந்தது. "எதோ யோசனைல இருந்துட்டேன்," என்று சொல்லி அடுப்பை அணைத்தாள். காய்ச்சல் வந்து எழுந்தவள், களைப்பாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று புருஷன் வெளியே போன பிறகு அவள் வீட்டில் இருந்த எல்லா டப்பாவையும் திறந்து பார்த்திருக்கிறாள். காபிப்பொடி, பூண்டு, வினிகர், மிஷினுக்குப் போடும் எண்ணெய். புருஷனின் அழுக்குச் சட்டையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாளாம். ஒன்றுமே இல்லை. "வீட்டுக்கு யாரோ உள்ளேயும் வெளியேயும் வெள்ளையடிச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு," என்று வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள். தேனை நாக்கில் வைத்தால் இனித்தது. அவ்வளவுதான்.

யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனாள். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகிறது, சில வாரத்திலும் திரும்பலாம், பல மாதமும் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம், காத்திருந்து பாருங்கள் என்றார் அவர். கேஸ் அடுப்பில் ஜாக்கிரதை என்றும் சொன்னார்.

தங்கையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் எல்லாம் தங்கைக்குத்தான் வந்தது: படிப்பு வந்தது, கணக்கு வந்தது, நாலு பேரோடு கலகலவென்று பேச வந்தது. இவளுக்கென்று வந்தது மூக்கு ஒன்றுதான். அதுவும் இல்லை என்று வாய் திறந்து எப்படிச் சொல்வது? தேன் எடுக்கும் பருவத்துக்குள் திரும்பிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளினாள். பருவம் வந்துவிட்டது, வாசனை வரவில்லை.

அவள் முதலில் போவது எப்போதும் ஒரே ஆளிடம்தான். எல்லாரும் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். அவளைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மரச்சரிவில் வரிசையாகப் பெட்டிகள், கீழே தகரக் கொட்டகை, அதில் அடையிலிருந்து தேனைச் சுழற்றி எடுக்கும் எந்திரம், துடைத்து வைத்த அண்டாக்கள். வருஷக்கணக்கில் அவர் எடுக்கும் தேனில் பெரும்பகுதி இவர்கள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் அவர் முகம் சரியில்லை. நல்ல தேன் டின்களைத் தனியாகவும், சிலவற்றை ஓரமாகவும் வைத்திருந்தார்.

"இதை மட்டும் நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா," என்று ஓரத்து டின் ஒன்றைத் திறந்தார். "மழை முந்திக்கிச்சு. பூச்சி இறக்கையால விசிறி விசிறித் தண்ணிய வத்த வச்சு, அப்புறம்தானே மெழுகு மூடி போடும். மூடி போடறதுக்கு முன்னாடியே இதை எடுக்க வேண்டியதாப் போச்சு. எனக்கு ஒரு மாதிரி சந்தேகமாவே இருக்கு. பூச்சியை அடக்கப் போடற புகையிலேயே என் மூக்கு செத்துப்போச்சு, உங்களுக்குத் தெரியாததா?"

அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். கரண்டியை வாங்கினாள், கண்ணை மூடினாள், மூச்சை மெதுவாக இழுத்தாள். பிறகு நாக்கில் வைத்தாள். நாக்கு நுனியில் சுருக்கென்று ஏதோ குத்தியது. காய்ச்சல் வந்த வாய், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கரண்டியிலிருந்து தேன் விழுவதைப் பார்த்தாள். நல்ல தேன் விழும்போது மடிந்து மடிந்து மேலே ஒரு நொடி நிற்கும். இது நிற்காமல் நேராக உள்ளே போயிற்று. அதையும் பார்த்தாள்.

"நல்லா இருக்குண்ணே," என்றாள்.

"புளிப்பு ஒண்ணும் தெரியலையே?"

"புதுத் தேன் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

அவர் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்ததாம். "நீங்க சொன்னா சரி," என்று சிரித்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்து டின்களைத் தூக்கி, நல்ல தேன் இருந்த பெரிய அண்டாவில் ஊற்றிக் கலக்கினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கை நின்றிருக்கும். அவர் மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

அந்த அண்டாத் தேன் வந்து கடையில் பாட்டில்கள் நிறைந்தன. கொஞ்ச நாளிலேயே தங்கை கேட்கத் தொடங்கினாள்.

"அக்கா, இந்தத் தேன்ல மாவு புளிச்ச மாதிரி ஒரு வாசனை வருதே, உனக்குத் தெரியல?"

"மழை நாள்ல அப்படித்தான்டி."

"மேல நுரை மாதிரி நிக்குதே?"

"வடிகட்டும்போது காத்து புகுந்திருக்கும்."

ஒரு டீச்சரம்மா பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்த நாள் ஒரு டாக்ஸி டிரைவர். தங்கை இரண்டு பேருக்கும் வேறு பாட்டில் கொடுத்தாள், அதுவும் திரும்பி வந்தது. மூக்கம்மா ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் யாருடையதோபோல இருந்ததாம். அவள் முகம் வற்றிப்போனதை நானும் பார்த்தேன். கேட்டால், பருவ நேரம், அலைச்சல் என்றாள்.

ஒரு மத்தியானம் அலமாரியில் இருந்த ஒரு பாட்டிலின் மூடி தானாகவே எகிறி விழுந்தது. நுரை பொங்கி அலமாரிப் பலகை வழியாகக் கீழே வழிந்தது. கடையில் அப்போது வாடிக்கையாளர் யாருமில்லை. தங்கை ஷட்டரைப் பாதி இறக்கினாள். அக்காவைப் பின்பக்கம் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"கண்ண மூடு."

மூடினாள். தங்கை அவள் மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தாள்.

"இது என்ன சொல்லு."

"தேன்."

"என்ன தேன்?"

"புதுசு. மலைத் தேன்."

"கண்ணத் திற."

தங்கை கையில் தரை துடைக்கும் ஃபினாயில் பாட்டில் இருந்தது.

"எப்பலேருந்து?" என்றாள் தங்கை.

"காய்ச்சல்லேருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் இந்தக் கடைல நான் எதுக்கு?"

தங்கை ஃபினாயில் பாட்டிலை மூடி கீழே வைத்தாள். "வாசனை போனது உன் தப்பில்ல அக்கா. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தினம் உன்னைக் கேட்டேன். தினம் ஒண்ணுமில்லன்னே. எனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சோன்னு நானே சந்தேகப்பட்டேன். என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டியே." ஈரத் துணியை எடுத்துவந்து அலமாரியைத் துடைத்தாள். அக்கா எழுந்து உதவ வந்தபோது, "நீ உக்காரு," என்றாள். சிரித்துப் பேசுகிறவள் அப்படிப் பேசுவது அதட்டுவதைவிட மோசமாக இருந்தது என்று மூக்கம்மா சொன்னாள்.

விற்ற பாட்டில்களைத் திரும்ப வாங்கும் வேலை தொடங்கியது. தங்கை தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் செய்தாள். தையல்காரர் மிஷினை மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டரில் தெருத் தெருவாகப் போய்ப் பாட்டில்களைச் சேகரித்தார். மனைவியிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஆளைக் கூப்பிட்டு, கேஸ் சிலிண்டரைச் சமையலறையிலிருந்து பால்கனிக்கு மாற்றி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்து அழுதாள்.

பெட்டிக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. போனில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நீ கூட வரியா? பேச வேண்டாம், சும்மா பக்கத்துல இரு," என்று என்னைக் கேட்டாள். போனேன்.

கொட்டகையில் அவர் அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தேன் மேலெல்லாம் பொறுபொறுவென்று நுரை. பக்கத்தில் போனால் மெல்லிய சீறல் கேட்டது. புளித்த பழத்தின் நெடி எனக்கே மூக்கில் ஏறியது. நுரையைப் பார்த்து அவருக்கு அது தெரிந்து பல நாள் ஆகியிருந்தது.

"வாங்கம்மா," என்றார். "நானே வரணும்னு இருந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல. அண்டாவைச் சரியாத் துடைக்காம ஊத்திட்டோம் போலிருக்கு. உள்ள ஈரம் இருந்திருக்கு. எல்லாம் வீட்டுக்காரியோட கவனக்குறைவு. இன்னும் சண்டை ஓயல."

அவர் மனைவி கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். கணவரைப் பார்க்கவில்லை.

"அண்ணே, அண்டா இல்ல," என்றாள் மூக்கம்மா. "ஓரமா வச்சிருந்தீங்களே, அந்த டின்தான். அன்னிக்கு எனக்கு வாசனையே தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல."

அவர் புரியாமல் பார்த்தார். "நீங்க மோந்து பாத்தீங்களே?"

"நடிச்சேன்."

கொட்டகைக்கு மேலே தகரத்தில் ஏதோ காய் விழுந்து உருண்டது. அவர் கத்துவார் என்று நான் நினைத்தேன். கத்தவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருந்தா போதுமேம்மா. நல்ல தேனாவது தப்பிச்சிருக்கும்."

கரண்டியை எடுத்து நுரையை ஓரமாக ஒதுக்கினார்.

"நான் உங்க மூக்கை நம்பினேன்னு நீங்க நினைச்சுட்டு இருக்கீங்க," என்றார். "மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு. உங்க வாயை நம்பினேன்."

வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தார். அண்டாவைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்து, "அண்டாவைச் சரியாத் துடைக்கலன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே," என்றார், குரலை உயர்த்தாமல். பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்குள் போய்விட்டார். பெட்டிக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மூக்கம்மா அந்த அம்மாவின் பின்னாலேயே போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. "மன்னிச்சுட்டாங்களா?" என்று பஸ்ஸில் கேட்டேன். "காபி போட்டுக் கொடுத்தாங்க," என்றாள். "குடிச்சேன். ஒண்ணுமே தெரியல."

அந்த அண்டாத் தேனைச் சூடு காட்டாத தேனாக யாரிடமும் விற்க முடியாது. தான் முன்பு வேலை பார்த்த கம்பெனிக்கு அவளே போனாள். பழைய மேற்பார்வையாளர் இல்லை, வேறொருவர் இருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். புளிக்கத் தொடங்கிய தேனைச் சூடு காட்டினால் புளிப்பது நிற்கும். பிஸ்கட் செய்கிறவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் லாரி அனுப்பி எடுத்துப்போனார்கள். பெட்டிக்காரருக்கு ஏதோ கிடைத்தது. ஒரு பருவத்து உழைப்புக்கு அது எந்த மூலைக்கு?

பல மாதம் கழித்து ஒரு காலையில் அவள் என் கதவைப் படபடவென்று தட்டினாள். "எதோ தெரியுது," என்றாள். அவளை உட்காரவைத்துக் காபிப்பொடி டப்பாவைத் திறந்து கொடுத்தேன். முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் காபி சாக்கடைபோல நாறியது. வெங்காயம் அழுகல். சோப்பு கருகின துணி. வீட்டுக்கு ஓடிப்போய்த் தேன் பாட்டிலைத் திறந்தாள். எரிகிற டயர். நரம்பு திரும்ப வளரும்போது இப்படித் தாறுமாறாகத் தெரிவதுண்டு, நல்ல அறிகுறிதான் என்றார் டாக்டர். அது எத்தனை நாள் இருக்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் தெரியாம இருந்ததே தேவலாம் போலிருக்கே," என்று என் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். நான் வெங்காயக் கூடையை உள்ளே தள்ளி வைத்தேன்.

சாப்பாடு இறங்காமல் இளைத்துப்போனாள். தையல்காரர் வாசனையில்லாத சோப்புக்கு மாறினார். தினமும் காலையில் பாலை மோந்து பார்த்து, "பால் நல்லாருக்கு," என்று சொல்லத் தொடங்கினார். பிறகு, "கீழ்வீட்டுல எதோ வறுக்கறாங்க." பிறகு, "வெளியில மழை வர்ற வாசனை." அதிகம் பேசாத அந்த மனிதர் ரேடியோ செய்திபோல வீட்டு வாசனைகளை அறிவிக்க ஆரம்பித்துவிட்டார். பாதி தப்பாகத்தான் இருக்கும். அவள் திருத்தமாட்டாள்.

தங்கை அந்தக் கருவியை வாங்கினாள். அடுத்த பருவத்தில் தேன் எடுக்க அவளே போனாள். கருவி ஈரத்தைச் சொன்னது. வாசனையை அவள் தன் மூக்கால்தான் பழகவேண்டியிருந்தது. முதல் தடவை தப்பு செய்தாள், அடுத்த தடவை குறைந்தது. பெட்டிக்காரர் அவளுக்குக் கொஞ்சம் தேன் கொடுத்தார். மீதியை வேறொரு கடைக்குக் கொடுத்துவிட்டார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேப்பாருன்னு நினைச்சேன்," என்று தங்கை வந்து சொன்னபோது, "கொடுத்தாரே, அதுவே பெரிசு," என்றாள் மூக்கம்மா. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் தங்கை இப்போது ஒன்றை இரண்டு முறை கேட்கிறாள். அது முன்பு கிடையாது.

இப்போது கடையில் உட்கார்ந்திருப்பவள் மூக்கம்மா. பழைய பேரைக் கேட்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு. "நீங்க மோந்து பாத்து நல்லதா ஒண்ணு கொடுங்க," என்பார்கள். "என் மூக்கு வேலை செய்யலங்க. இது என் தங்கச்சி பாத்து எடுத்தது. நீங்களே மோந்து பாருங்க," என்று நேராகச் சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவள் தடுப்பதில்லை.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். அவள் ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவர் வெகுநேரம் மூக்கருகில் வைத்திருந்தார்.

"என்ன தெரியுது?" என்றாள்.

"சொல்லத் தெரியலம்மா."

"பூவா? மரமா?"

"மழை விட்டதும் மரத்தடில நின்னா வருமே, அது மாதிரி. அதுவும் சரியா இல்ல." அவர் மறுபடி குனிந்தார். "ஆனா இன்னொரு தடவ பாக்கணும் போல இருக்கு."

"பாருங்க, பாருங்க, அவசரமில்ல," என்றாள். பாட்டிலை அவர் கையிலேயே விட்டுவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் தள்ளி நின்றாள். அவளுக்கு அது இன்னும் எரிகிற டயர்தான். கண் மட்டும் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.